அப்பா ஏன் புத்தகத்தை மூடிவைத்தார்?

வயதானால் வாசிப்பில் ஆர்வம் போய்விடும் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். பல வீடுகளில் போனது ஆர்வம் இல்லை. சரியான கண்ணாடி, போதுமான வெளிச்சம், கூடப் பேச ஓர் ஆள். மூன்றையும் திரும்பக் கொடுக்க முடியும்.

காலை ஆறரைக்குப் பேப்பர் வந்துவிடுகிறது. தலைப்புச் செய்தி முதல் கடைசிப் பக்க டெண்டர் விளம்பரம் வரை ஒன்று விடாமல் படித்தவர், இப்போது கொட்டை எழுத்துகளை மட்டும் மேய்ந்துவிட்டு மடித்து வைக்கிறார். கேட்டால், "என்னத்தப் பெரிசா போட்டிருக்கான்?" என்கிறார். அம்மாவும் அப்படித்தான். வாரப் பத்திரிகை வந்துவிட்டதா என்று பெட்டிக்கடைக்குப் பிள்ளைகளை விரட்டியவர், தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்தவர், இன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து பாதித் தூக்கத்தில் சீரியல் பார்க்கிறார். "வயசாயிடுச்சு, இனிமே எங்க படிக்கப் போறாங்க" என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறோம்.

இன்று அறுபதைத் தாண்டியிருக்கும் தலைமுறையைப் பற்றி இப்படிச் சொல்வது அநியாயம். தமிழில் வாராந்தரத் தொடர்கதை உச்சத்தில் இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். 1950-ல் 'கல்கி' இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' மூன்றரை ஆண்டுகள் ஓடியது. அம்மா வாசிக்க அதைக் காதால் கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு இன்று எண்பது வயது. அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் லக்ஷ்மி, சிவசங்கரி, சுஜாதா, ரமணிசந்திரன், ராஜேஷ்குமார் என்று வரிசைகட்டிப் படித்தவர்கள். ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல் எல்லாம் இவர்கள் கொடுத்த சில்லறையில் ஓடியவைதான். லெண்டிங் லைப்ரரியில் ஒரே நாளில் இரண்டு புத்தகம் மாற்றியவர்களும் இவர்களே. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு வாசிப்பு அலுத்துவிட்டது என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்?

கூட்டமும் சின்னதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கு மதிப்பிடப்பட்டது 13.6 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் நம்முடையது. இவர்களின் மாத்திரைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் கணக்குப் போடுகிறோம். மத்தியானம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை இவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை.

கண்ணாடி பழசு

முதலில் பார்க்க வேண்டியது புத்தகத்தை அல்ல, மூக்கின் மேலிருக்கும் கண்ணாடியை. நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து தொடங்குகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்து கொடுக்கும் தன்மையை இழப்பதால் கிட்டத்தில் இருப்பது மங்குகிறது. நாற்பதுகளில் பிளஸ் ஒன்றில் ஆரம்பிக்கும் பவர், அறுபதுக்குள் இரண்டரையைத் தொடும். ஆனால் பல பெரியவர்கள் ரிட்டயர் ஆவதற்கு முன்பு வாங்கிய கண்ணாடியையே இன்னும் போட்டிருப்பார்கள். ஒரு காம்பில் நூல் சுற்றியிருக்கும். கண்ணாடியில் கீறல் விழுந்து, படித்தால் வரிகளுக்கு நடுவே கோடு ஓடும். "இதுவே போதும், இனிமே எதுக்குப் புதுசு?" என்பார்கள்.

இன்னொரு சிக்கல் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வருவது. பெரும்பாலும் பொருத்தப்படும் லென்ஸ் தூரப்பார்வைக்கானது. தெருமுனையில் வரும் பஸ்ஸின் நம்பர் பளிச்சென்று தெரியும். கையில் இருக்கும் பத்திரிகை தெரியாது. ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் கண் நிலைபட்டதும், மறுபரிசோதனைக்குப் போய் படிப்பதற்கென்று தனிக் கண்ணாடி எழுதி வாங்க வேண்டும். அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். "ஆபரேஷனே பண்ணியாச்சு, இதுக்கு மேல என்ன" என்று படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். விடுபட்டது சில நூறு ரூபாய்க் கண்ணாடி. போனது ஒரு மனிதரின் வாசிப்பு.

தமிழ்நாட்டில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தும் முறையை உலகத்துக்குக் காட்டியது. அரசு மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அழைத்துப்போவது பிள்ளைகளின் வேலை. டாக்டர் கேட்கும்போது "டி.வி. தெரியுதா?" என்பதோடு நிறுத்தாமல், வீட்டில் படிக்கும் பத்திரிகையையே கையோடு கொண்டுபோய், அதைப் படிக்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனையும், எல்லோருக்கும் கண் நீர் அழுத்தப் பரிசோதனையும் அவசியம். சர்க்கரையாலும் கண் நீர் அழுத்தத்தாலும் பார்வை வலியில்லாமல், சத்தமில்லாமல் போகும். போனது பெரும்பாலும் திரும்பாது.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

கண்ணாடி சரியாக இருந்தும் படிக்க முடியவில்லை என்றால் அண்ணாந்து விளக்கைப் பாருங்கள். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேர்கிறது. கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. அதாவது, நமக்குப் போதும் என்று தோன்றும் டியூப்லைட் அவருக்கு அரையிருட்டு.

நம் வீடுகளில் ஹால் நடுவே, சுவரின் உச்சியில் ஒரு டியூப்லைட். அப்பாவின் ஈஸிசேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அவர் குனிந்து படிக்கும்போது அவருடைய தலையின் நிழலே பக்கத்தின் மேல் விழும். கரன்ட் பில்லுக்குப் பயந்து பகலில் விளக்குப் போடவும் மாட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் இடது தோளின் மேலாக வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, கழுத்தை வளைக்கக்கூடிய ஒரு எல்.இ.டி. மேஜை விளக்கு. விளக்கு பக்கத்தின் மேல் விழ வேண்டும், கண்ணில் அடிக்கக் கூடாது. வழவழப்பான தாளில் அச்சான பத்திரிகை என்றால் பளபளப்பு கூசும். விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினால் சரியாகும்.

கையையும் கவனிக்க வேண்டும். விரல் மூட்டு வலி உள்ளவருக்கு எண்ணூறு பக்க நாவலைத் தூக்கிப் பிடிப்பது பெரிய வேலை. ராமாயணம் படிக்கிற வீடுகளில் வியாசபீடம் என்று ஒரு மரப்பலகை இருக்கும். இரண்டு பலகைகள் குறுக்காக விரிந்து நிற்க, நடுவில் புத்தகம் உட்காரும். அதை மேஜை மேல் வைத்தால் கையும் கழுத்தும் தப்பிக்கும். தடித்த நாவலை இரண்டு மூன்று பாகங்களாகப் பிரித்து பைண்ட் செய்து கொடுப்பதும் நல்ல யோசனை. புத்தகம் கெட்டுவிடும் என்று கவலைப்பட வேண்டாம். அலமாரியில் தூசி தின்பதைவிட அது மேல்.

பெரிய எழுத்து நம்முடையது

தமிழ் எழுத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும், முன்னும் பின்னும் கொம்பும் காலும். அச்சு கொஞ்சம் மங்கினால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். 'ர'வும் துணைக்காலும் குழம்பும். இளம் கண் இதையெல்லாம் ஊகித்துக்கொண்டு வேகமாக ஓடிவிடும். மங்கிய கண் ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசிக்கும். நாலு பக்கத்துக்குள் தலைவலி வந்துவிடும். இடம் மிச்சம் பிடிக்க எழுத்தைச் சிறிதாக்கி, வரிகளை நெருக்கி அச்சிடும் மலிவுப் பதிப்புகளில் இது இன்னும் மோசம்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1964-ல் ஃபிரெடரிக் தோர்ப் என்பவர் முதியவர்களுக்காகவே பெரிய எழுத்துப் புத்தகங்களை அச்சிடத் தொடங்கினார். இன்று அந்நாட்டு நூலகங்களில் அதற்கென்று தனி அலமாரி இருக்கிறது. 16 அல்லது 18 பாயின்ட் எழுத்து, தாராளமான வரி இடைவெளி. 'லார்ஜ் பிரிண்ட்' என்றதும் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சென்னை அச்சகங்கள் 'பெரிய எழுத்து' என்று அட்டையிலேயே போட்டுப் புத்தகம் விற்றன. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து மதனகாமராஜன் கதை. பி. இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட இவை திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் நடைபாதைகளிலும் விற்றன. அரிக்கேன் விளக்கொளியில், எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படிக்க வேண்டும் என்பதுதான் அந்த அச்சின் நோக்கம்.

அந்த ஞானம் எங்கே போயிற்று? இன்று தமிழில் நவீன நாவல் ஒன்றைப் பெரிய எழுத்தில் வாங்க வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தேவைக்கேற்ப அச்சிடும் தொழில்நுட்பம் வந்தபிறகு ஆயிரம் பிரதி போட்டால்தான் கட்டும் என்ற கணக்கும் மாறிவிட்டது. அறுபது, எழுபதுகளில் விற்றுத் தீர்ந்த நாவல்களை 16 பாயின்ட்டில் கொண்டுவரும் பதிப்பகம் ஒன்று முன்வந்தால், வாங்கித்தர பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இருக்கிறார்கள். சஷ்டியப்தபூர்த்திக்கும் சதாபிஷேகத்துக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பதைவிட இது நல்ல பரிசு.

போனில் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். எழுத்தின் அளவை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி காகிதத்தில் கிடையாது. ஆனால் கொடுக்கிற விதத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். ஒரு பழைய நாவலின் பி.டி.எஃப்.பை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, "உனக்குப் புக் அனுப்பியிருக்கேன்மா" என்கிறோம். அது ஸ்கேன் செய்த படம். பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுக்க வேண்டும். இரண்டு பக்கத்தில் அம்மா போனைக் கீழே வைத்துவிடுவார்.

இ-பப் வடிவில் கிடைக்கும் புத்தகம் என்றால், எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் தாமாகவே மடங்கி அமையும். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், தமிழ் விக்கிமூலம் ஆகியவற்றில் தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நூலகம் தளம் சேர்த்து வைத்திருக்கிறது. கல்கி உள்ளிட்ட பலரின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் அவற்றைத் தரவிறக்கத் தடையில்லை. கிண்டில் போன்ற கருவிகளின் திரையில் கண் கூசாது. போன் மாதிரி நடுவில் வாட்ஸ்அப் மணியும் அடிக்காது. ஒருமுறை உட்கார்ந்து, புத்தகம் திறப்பது, பக்கம் புரட்டுவது, விட்ட இடத்துக்குத் திரும்புவது என்ற மூன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள். "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஒருமுறை சலித்துக்கொண்டால் போதும், அப்புறம் அவர்கள் கேட்கவே மாட்டார்கள்.

எழுத்தே தெரியாத அளவுக்குப் பார்வை குறைந்தவர்களுக்குக் காது இருக்கிறது. தமிழ் ஒலிப்புத்தகங்கள் இன்று ஏராளம். 'கதை ஓசை'யில் தீபிகா அருண் நாவல்களைக் குரல் மாற்றி, பாத்திரம் பிரித்து வாசிக்கிறார். பவா செல்லதுரை கதை சொல்வதைக் கேட்க யூடியூபில் பெரிய கூட்டமே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரல் வசதி, திரையில் இருக்கும் தமிழ் எழுத்தை வாசித்தும் காட்டும். ஸ்கேன் படத்தை மட்டும் அதனால் நேரடியாகப் படிக்க முடியாது. பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காகப் புத்தகங்களை வேறு வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. காதால் கேட்பதும் வாசிப்புதான். செவிச்செல்வத்துக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார்.

பக்திப் புத்தகம் மட்டும்தானா?

வயதானவருக்குப் புத்தகம் வாங்குவது என்றால் நம் கை தானாகவே ஆன்மிக அலமாரிக்குப் போகிறது. இல்லையென்றால் 'நூறாண்டு வாழ்வது எப்படி', 'சர்க்கரைக்கு இயற்கை வைத்தியம்'. பிடித்தவர்களுக்கு அவை நல்லவைதான். ஆனால் எழுபது வயதில் ஒருவருக்குத் துப்பறியும் கதை பிடிக்கக் கூடாதா? காதல் கதை? கிரிக்கெட்? அரசியல் வம்பு? நாற்பது வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவருக்கு அணைகள் கட்டப்பட்ட கதை இனிக்கும். ரயில்வேயில் இருந்தவர் பாம்பன் பாலத்தைப் பற்றிய புத்தகம் என்றால் கீழே வைக்கமாட்டார். ஊரை விட்டு வந்து மகன் வீட்டு அடுக்குமாடியில் அடைந்திருக்கும் தாத்தாவுக்கு, அவருடைய வட்டார மொழியில் எழுதப்பட்ட ஒரு கதை ஊருக்கே கூட்டிப்போகும். கரிசல்காட்டுக்காரருக்கு கி. ராஜநாராயணன், நாஞ்சில் நாட்டுக்காரருக்கு நாஞ்சில்நாடன், கொங்குநாட்டுக்காரருக்கு ஆர். சண்முகசுந்தரம், தஞ்சாவூர்க்காரருக்கு தி. ஜானகிராமன்.

கேட்க வேண்டிய கேள்வி "என்ன புக் வேணும்?" என்பது இல்லை. அதற்கு "ஒண்ணும் வேணாம்பா" என்றுதான் பதில் வரும். "சின்ன வயசுல யார் கதைக்காகச் சண்டை போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பேர் வரும், பத்திரிகை வரும், அதில் படம் வரைந்தவர் வரை வரும். பழைய எழுத்தாளரையே மறுபடி கையில் கொடுப்பது நல்ல தொடக்கம். தெரிந்த கதை என்பதால் நினைவைப் போட்டு வருத்த வேண்டாம். பாதியில் விட்டாலும் நஷ்டமில்லை.

நினைவு கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு நாவலைவிடச் சிறுகதை தோது. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். தன்வரலாறுகளும் அப்படியே, எந்த அத்தியாயத்திலும் நுழையலாம். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. 1942-ல் அவர் மறையும்போது தொடர் முடிந்திருக்கவில்லை. எண்பத்து நாலில் வாரா வாரம் எழுத முடிந்திருக்கிறது. எழுபதில் படிக்க முடியாதா என்ன?

படித்தால் ஆயுசு கூடுமா?

இந்தக் கேள்விக்கு ஓர் ஆய்வு பதில் சொல்ல முயன்றிருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 50 வயதைக் கடந்த 3,635 பேரின் தகவல்களை 12 ஆண்டுகளுக்கு ஆராய்ந்து, 2016-ல் வெளியிட்டார்கள். புத்தகம் படிப்பவர்கள், படிக்காதவர்களைவிடச் சராசரியாக 23 மாதங்கள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். செய்தித்தாள், பத்திரிகை மட்டும் படித்தவர்களுக்குக் கிடைத்த பலன் புத்தக வாசகர்களுக்குக் கிடைத்த அளவு இல்லை. படிப்பு, வருமானம், உடல்நலம் போன்ற வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் இதே முடிவுதான். ஆனாலும் படிப்பதால்தான் ஆயுசு கூடியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமாக இருப்பவர்களே அதிகம் படித்தும் இருக்கலாம்.

மருந்து மாதிரி புத்தகத்தைக் கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. "ஞாபக மறதி வராம இருக்கும், படிங்க" என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிக்கும். கதை நன்றாக இருந்தது என்பதைத் தவிர வாசிப்புக்கு வேறு காரணமே தேவையில்லை.

படித்ததைச் சொல்ல ஆள் வேண்டும்

தமிழர்களுக்கு வாசிப்பு ஒரு காலத்தில் கூட்டுக் காரியம். கோயில் மண்டபத்தில் பாரதம் படித்தார்கள். ஒருவர் படிக்க ஊரே கேட்டது. திண்ணையில் ஒருவர் அல்லி அரசாணி மாலையை ராகம் போட்டு வாசிக்க, சுற்றி உட்கார்ந்து வேலை செய்துகொண்டே பெண்கள் கேட்டார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரே தினத்தந்தியைப் பத்துப் பேர் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் வம்பு சேர்த்தார்கள். திராவிட இயக்கப் படிப்பகங்களும் இடதுசாரி வாசகசாலைகளும் இப்படியே வளர்ந்தன. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிப்பது பின்னாளில் நமக்கு வந்த பழக்கம்.

வயதானவர்கள் புத்தகத்தை விடுவதற்கு இந்தத் தனிமையும் காரணம். படித்ததைப் பகிர்ந்துகொண்ட ஆபீஸ் சிநேகிதர் போய்விட்டார். புத்தகம் மாற்றிக்கொண்ட எதிர்வீட்டு மாமி மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார். பாட்டிகளின் நிலைமை இன்னும் கஷ்டம். ரிட்டயர் ஆன ஆண்களாவது காலையில் நூலகத்துக்குப் போய் நாலு பேப்பர் புரட்டிவிட்டு வருகிறார்கள். பெண்களுக்கு ரிட்டயர்மென்ட்டே இல்லை. பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, பால் காய்ச்சுவது, மருமகள் வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வது. "உங்களுக்கு நேரம் நிறைய இருக்கே" என்று அவர்களிடம் சொல்வதற்கு முன் ஒரு நாள் கூட இருந்து பாருங்கள். பாட்டிக்குத் தினமும் முக்கால் மணி நேரம், யாரும் கூப்பிடாத நேரமாக ஒதுக்கித் தருவது வீட்டின் பொறுப்பு.

அதைவிட எளிது, கூடச் சேர்ந்து படிப்பது. நாலாம் வகுப்புப் பேத்தி பாட்டிக்கு ஒரு பக்கம் வாசிக்கட்டும். திக்கும், திணறும். "'பழம்'னு சொல்லுடி, 'பளம்'னு சொல்லாதே" என்று பாட்டி திருத்துவார். "நீங்க சொல்லிக் காட்டுங்க பாட்டி" என்று அவள் மல்லுக்கு நிற்பாள். பேத்திக்குத் தமிழ் வரும், பாட்டிக்குக் கதை வரும். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் மகன் தினமும் போனில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பதற்குப் பதில், ஒரு சிறுகதையை ஐந்து நிமிடம் வாசித்துக் காட்டலாம். மறுநாள் அப்பாவே போன் செய்வார், மீதியைக் கேட்க.

இங்கிலாந்தில் லிவர்பூலை மையமாகக் கொண்டு இயங்கும் 'தி ரீடர்' அமைப்பு இதையே முறையாகச் செய்கிறது. ஜேன் டேவிஸ் தொடங்கிய அமைப்பு அது. முதியோர் இல்லங்களில், மறதி நோய் உள்ளவர்கள் மத்தியிலும்கூட, ஒருவர் கதையோ கவிதையோ உரக்கப் படிக்க, மற்றவர்கள் நடுநடுவே பேசுகிறார்கள். தேர்வு கிடையாது, கருத்துச் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது. நம்மூர் முதியோர் இல்லங்களில் டி.வி.யும் பூஜை அறையும் இருக்கும். வாரம் ஒருநாள் வந்து கதை வாசிக்க ஒரு கல்லூரி மாணவர் கிடைத்தால் போதும், அந்தக் கூடமே மாறிவிடும்.

எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள்

இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடும் ஒரு கூட்டம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 44 சதவீதம்தான். ஆண்களில் 59, பெண்களில் வெறும் 28. எழுத்தறிவின்மையைப் போக்கத்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனது. புதுக்கோட்டையில் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்குவாரியில் கல் உடைத்தவர்களும் வயலில் நடவு நட்டவர்களும் ராத்திரி விளக்கொளியில் 'அ' எழுதினார்கள். கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள்.

அன்று முப்பது வயதில் பட்டா, படி என்று எழுத்துக்கூட்டிய பெண்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. பழக்கம் விட்டால் எழுத்தும் மறந்துபோகும். இவர்களிடம் ஐந்நூறு பக்க நாவலைக் கொடுக்க முடியாது. சின்னச் சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, பத்துப் பதினைந்து பக்கம், பெரியவர்களுக்கான விஷயம். அறிவொளிக் காலத்தில் அப்படி நிறையச் சிறுநூல்கள் வந்தன. அந்த வகைப் புத்தகங்களை மறுபடி அச்சிட்டு, ஊரக வேலைத் திட்டத்துக்கு வருகிறவர்களிடமும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடமும் கொண்டுசேர்ப்பது அரசால் முடியாத காரியம் இல்லை. குழந்தைப் புத்தகத்தை மட்டும் இவர்களிடம் நீட்டாதீர்கள். அறுபது வருடம் உழைத்து வாழ்ந்தவருக்கு நரியும் திராட்சையும் கதை சொல்வது மரியாதை ஆகாது.

நூலகம் வீட்டுக்கு வரட்டும்

நூலகச் சட்டத்தில் தமிழ்நாடுதான் முன்னோடி. 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. அந்தப் பணத்தில்தான் நூலகங்கள் ஓடுகின்றன. கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் எழுபது வயதுக்காரர் நடந்து போகக்கூடியது தெருக்கோடியில் இருக்கும் கிளை நூலகத்துக்குத்தான். அங்கே வாசலில் கைப்பிடி இல்லாத மூன்று படி, மாடியில் நூல் பிரிவு, குனிந்து பார்த்தால்தான் தெரியும் கீழ்த்தட்டில் நாவல்கள்.

வர முடியாதவரிடம் புத்தகம் போக வேண்டும் என்பது புது யோசனையும் இல்லை. 1931-ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றை அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதன்தான். நம் காலத்தில் தமிழக அரசின் 'நூலக நண்பர்கள்' திட்டம் அதே பாதையில் வந்தது. தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துக்கொண்டுபோய், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களின் வீட்டில் கொடுப்பதுதான் திட்டம். உங்கள் கிளை நூலகத்தில் இது நடக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் அங்கே உள்ள வாசகர் வட்டத்தில் சேர்ந்து நீங்களே நண்பராகிவிடுங்கள். பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கென்று ஒரு அலமாரி, படிக்கும் மேஜையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, நாலு கைவைத்த நாற்காலி. நூலக வரி கட்டும் நாம் இதைக் கேட்டு மனு கொடுக்கலாம்.

இந்த வாரமே செய்யலாம்

* வீட்டில் உள்ள பெரியவரின் கண்ணாடியை வாங்கிப் பாருங்கள். எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் கண் பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது.

* அவர் உட்காரும் இடத்தில் சாயங்காலம் நீங்கள் உட்கார்ந்து, அவருடைய பத்திரிகையைப் படித்துப் பாருங்கள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். ஒரு மேஜை விளக்கு வாங்குங்கள்.

* சின்ன வயதில் படித்த எழுத்தாளர் யார் என்று கேட்டு, அவருடைய ஒரே ஒரு புத்தகத்தைக் கொடுங்கள். பத்து வேண்டாம்.

* போனில் எழுத்தளவைப் பெரிதாக்கி, ஒரு இ-பப் புத்தகமும் ஒரு ஒலிப்புத்தகமும் போட்டுக் கொடுங்கள்.

* வாரம் இரண்டு நாள் பதினைந்து நிமிடம் கூட உட்கார்ந்து படியுங்கள். அவர் வாசிக்கலாம், நீங்கள் வாசிக்கலாம், பேத்தி வாசிக்கலாம்.

* பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்த விடுங்கள். "முடிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "என்ன ஆச்சு அந்தக் கதையில?" என்று கேளுங்கள்.

நமக்கு எழுத்தறிவித்த தலைமுறை இது. ஸ்லேட்டில் கைபிடித்து எழுதவைத்தவர்கள், பாட்டுப் புத்தகத்துக்குப் பணம் கொடுத்தவர்கள், லீவுக்கு ஊருக்குப் போகும்போது ரயில்வே ஸ்டேஷன் கடையில் காமிக்ஸ் வாங்கித் தந்தவர்கள். அவர்களுக்கு நாம் திருப்பித் தர வேண்டியது ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, ஒரு புத்தகம், கொஞ்சம் நேரம். இந்த இதழைப் படித்து முடித்ததும் அப்படியே அவர்கள் கையில் கொடுங்கள். எழுத்து தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், வேலையை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.